மண்டபத்து வரி

வில்லியனூரிலிருந்து அரியூர் போகிற வழியில் எங்கள் ஊர். ஊர் முனையில் பச்சையப்பனின் கல்யாண மண்டபம். ஏசி, லிஃப்ட், இருநூறு கார் நிற்க இடம். எல்லாம் உண்டு, சமையல்கட்டுத் தண்ணீர் போக மட்டும் வழி கிடையாது. அது பள்ளத்தில் இருக்கிற எங்கள் தெருவுக்கு வந்து சேரும். நானும் பக்கத்து வீட்டுச் சிந்தாமணியும் அந்த மண்டபத்தில்தான் எச்சில் இலை எடுத்து, அண்டா கழுவிப் பிழைக்கிறோம். ஆக, நாங்கள் கழுவிவிட்ட தண்ணீர்தான் எங்கள் வாசலில் எண்ணெய் மிதக்க நின்று நாறும்.

என் மகள் ரஞ்சனிக்குத் தையில் கல்யாணம் என்று நிச்சயமானது. பாகூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தெருவைத் தாண்டினார்கள்.

"இந்த நாத்தத்துல பந்தல் போட்டா எங்க சனம் கை நனைக்குமா?" என்றாள் சம்பந்தியம்மாள்.

தைக்குள் வாய்க்கால் வந்துவிடும் என்று அடித்துச் சொன்னேன். மண்டபத்தில் கல்யாணம் செய்ய எனக்கு ஏது வக்கு? தெருவில் பந்தல் போட்டால்தான் உண்டு.

நான் அப்படிச் சொல்லக் காரணம் மணிபாரதி. மண்டபத்தில் எலக்ட்ரீஷியன், சங்கத்துக்காரன். அவ்வளவு பெரிய மண்டபம் இத்தனை வருஷமாகச் சாதாரண வீட்டு வரிதான் கட்டுகிறது என்று கண்டுபிடித்தவன் அவன்தான்.

"பணக்காரன் ஒழுங்கா வரி கட்டுனா, நம்ம தெருவுக்கு வாய்க்கா தானா வரும்க்கா" என்றான். நம்பினோம். வேலை செய்கிற பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டு, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் மூன்று நாள் வெயிலில் உட்கார்ந்தோம். ஆடி மாதம் மண்டபத்துக்குப் புது வரி போட்டார்கள்.

காது குத்துக்கே பேனர் வைக்கிற சனம் நாங்கள். சும்மா இருப்போமா? காசு சேர்த்து வில்லியனூரில் பேனர் அடித்தோம். "பணக்காரர் மீது வரி போட்ட அரசுக்கு நன்றி" என்று மேலே. கீழே எங்கள் பதினோரு முகமும் கைகூப்பி, பேரோடு. அதையும் மண்டபத்துக்கு நேர் எதிரே கட்டினோம். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.

பச்சையப்பன் காரை நிறுத்தி இறங்கினார். பேனரை முழுக்கப் படித்தார். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே போய்விட்டார்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று மேனேஜர் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். மணிபாரதியோடு சேர்த்து ஐந்து பேருக்கு வேலை இல்லை. நானும் சிந்தாமணியும் உள்பட மிச்சம் ஆறு பேருக்குக் கூலியில் நூறு ரூபாய் குறைவு.

"வரி ஏறிப்போச்சி. மொதலாளி இன்னா பண்ணுவாரு?" என்றார், ஏதோ எழவு வீட்டில் துக்கம் விசாரிப்பது போல.

ஐப்பசியில் ஜேசிபி வந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. வேலையாட்களுக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன். மண்டபத்தின் பின்சுவரில் ஆரம்பித்து நல்ல சிமெண்ட் வாய்க்கால், மேலே மூடி. அது எங்கள் தெரு முனைக்கு வந்து அப்படியே நின்றது.

"ஒதுக்குன தொகை இவ்ளோதாம்மா. மீதி அடுத்த வருஷம்" என்றார் இன்ஜினியர்.

முன்பெல்லாம் பாதித் தண்ணீரை வழியில் இருந்த மண்ணாவது குடித்தது. இப்போது சொட்டு சிந்தாமல் எங்களிடம் வந்து சேர்ந்தது.

"வரி போடலன்னா இந்த அரை வாய்க்காலும் வந்திருக்காதுக்கா" என்றான் மணிபாரதி.

"அரை வாய்க்கா முழுச் சாக்கடையையும் கொண்டாந்து வுடுதுடா" என்றேன். வேலை போனவனைத் திட்டியது பிறகு உறுத்தியது. ஆனாலும் ஆத்திரம் தீரவில்லை.

அந்தத் தெருவில் எப்படிப் பந்தல் போடுவது? தாலியைத் தவிர எல்லாவற்றையும் அடகு வைத்து அதே மண்டபத்தைப் பிடித்தேன். வாடகை ஏறியிருந்தது. ரசீதில் கரண்ட், கிளீனிங் எல்லாவற்றுக்கும் கீழே "வரி" என்று தனியாக ஒரு வரிசை. மூன்று மாதம் இலை எடுத்தாலும் தேறாத தொகை.

ஐந்து பேரை நிறுத்தியதில், கல்யாணத்தன்று இலை எடுக்க ஆள் பற்றவில்லை. அடுத்த பந்திக்குச் சனம் காத்து நிற்க, சாப்பிட்ட இலைகள் அப்படியே கிடந்தன. சிந்தாமணி ஒருத்தி எத்தனை எடுப்பாள்? பெண்ணைப் பெற்றவள் நான், பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எடுக்க ஆரம்பித்தேன்.

பச்சையப்பனும் பந்தியில் இருந்தார். பாயசத்தை வழித்துக் குடித்துவிட்டு இலையை மடித்தார்.

"சாப்பாடு பிரமாதம், கல்பனா. நீ கட்டுன வரி எங்கியும் போவாது. மிச்ச வாய்க்காலா உன் தெருவுக்குத்தான் வரும்."

"நான் கட்டுனதா? உங்க மேல போட்ட வரியாச்சே அது?"

"என் மேலதான் போட்டாங்க. நான் எங்கம்மா கட்டறேன்? கல்யாணம் பண்றவங்க குடுக்கறாங்க. உங்க கூலியில பிடிக்கறேன். வாங்கிக் கட்டற வேலைதான் என்னுது."

கிண்டல் இல்லை, பொய்யும் இல்லை. தெரிந்த கணக்கைக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் மட்டுமல்ல, வெயிலில் உட்கார்ந்து அந்த வரியைக் கேட்டு வாங்கிய என் மேலும்தான்.

அவர் எச்சில் கையைத் தூக்கிக்கொண்டு, நான் இலை எடுப்பதற்காகக் காத்திருந்தார்.

"உங்க எலைய நீங்களே எடுத்துக்குனு போங்க" என்றேன்.

பந்தியே திரும்பிப் பார்த்தது. சம்பந்தியம்மாளின் முகம் சுருங்கியது. விருந்தாளியை இலை எடுக்கச் சொல்வதா என்று யாரோ முணுமுணுத்தார்கள். பச்சையப்பனுக்குக் கோபமே வரவில்லை. என்னைத் தாண்டி எதிர் வரிசையைப் பார்த்து விரலை மட்டும் அசைத்தார்.

சிந்தாமணி வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து அந்த இலையை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு வேலை வேண்டும்.