நாறும்பூநாதப் பிள்ளையின் இடுப்பளவு

1

இந்தக் கதை திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், ஏசி ஓடும் ஒரு கடையில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வீட்டுக்குப் புது அடுக்களை போட நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். எங்கள் கையிலிருந்த பணத்துக்கு அங்கே கதவுக் கைப்பிடிகளை மட்டும் வாங்கியிருக்கலாம். ஆனாலும் கடைக்காரர் மரியாதையாக உட்காரவைத்து, காப்பி கொடுத்து, இது வேண்டும் அது வேண்டாம் என்று எல்லாம் பேசி முடித்து, கடைசியில் கேட்டார்: "மேடை என்ன உயரம் வைக்கலாம் சார்?"

சார்! என் வீட்டுக்காரர் கடைசியாக அடுப்பைப் பற்றவைத்தது எப்போது என்று அவருக்கே நினைவில்லை. கேள்வி வந்ததும் எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, "உத்தேசமா இவ்வளவு" என்று தன் இடுப்பில் கை வைத்துக் காட்டினார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

அங்கே வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கு நடப்பதாக எழுதினால் அவர் படித்துவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். அதனால் 1912க்குப் போகிறேன். அப்போது அவருடைய தாத்தாவே பிறக்கவில்லை. யார் கோபித்துக்கொள்ள முடியும்?

2

தாமிரபரணியில் பொழுது புலர்ந்துகொண்டிருந்தபோது, சொர்ணாம்பாள் இடுப்பில் குடத்துடன்

[வேண்டாம். ஆற்றில் பொழுது புலராத திருநெல்வேலிக் கதை ஒன்றாவது இருக்கட்டும்.]

2 (மறுபடியும்)

சொர்ணாம்பாள் தினமும் இரண்டு வேளை அழுதாள்.

[இது நிற்கும்.]

தச்சநல்லூரில் அந்தத் தெருவுக்கே அது தெரியும். மாமியார் கொடுமை என்று சொல்ல வழியில்லை. மாமியார் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. காரணம் அடுக்களைதான். உள்ளங்கை அகலத்தில் ஒரு சன்னல், தரையோடு தரையாக ஓர் அடுப்பு. அதன் முன்னால் குத்தவைத்து, ஊதுகுழலை வாயில் வைத்து ஊதினால் நெருப்பு வருமோ வராதோ, புகை தவறாமல் வரும். கல்யாணமாகி வந்த வருஷம் சிவந்த கண் பிறகு வெளுக்கவேயில்லை. சாயங்காலமானால் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்றாள். அதைக் கேட்டபின்தான் அவள் புருஷன் நாறும்பூநாதப் பிள்ளை வண்டி பூட்டி, ஆற்றைத் தாண்டிப் பாளையங்கோட்டை மிஷன் பங்களா டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான்.*

டாக்டரம்மா இமையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, புகையில் இருக்காதே, இருந்தால் கண் போய்விடும் என்றார். சாப்பிடாதே என்று சொன்ன மாதிரி இருந்தது சொர்ணாம்பாளுக்கு. ஆனால் திரும்பும் வழியில், பங்களாவின் பின்கட்டுச் சன்னல் வழியாக, சமையற்காரி ஹெப்சிபாவைப் பார்த்தாள். வண்டி ஏறும்வரை பொறுக்க முடியவில்லை.

"அத்தான், நின்னுக்கிட்டே சமைக்கா!"

"யாரு?"

"அந்தப் பொம்பள. மேடை கட்டி, மேடை மேல அடுப்பு. புகையெல்லாம் கூண்டு வழியா மேல போயிருது. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணியில்ல. பாட்டு வேற படிக்கா."

* 1912இல் அங்கே டாக்டரம்மா இருந்தாரா என்று நான் விசாரிக்கவில்லை. கதைக்குத் தேவைப்பட்டார், வந்தார். அவருக்கு நன்றி.

3

நாறும்பூநாதன் வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா, தினமும் கச்சேரிக்கு, அதாவது கோர்ட்டுக்கு, போகிறவன். சம்பளம் மாசத்தின் பாதியிலேயே மூச்சு வாங்கும். அதனால் சொர்ணாம்பாள் பிறந்த வீட்டிலிருந்து சீதனமாக வந்த சாம்பல் நிற மயிலைப் பசுவை விற்றாள். வீட்டில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். வாங்கியவள் அடுத்த தெரு இசக்கியம்மா. பசு போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தது என்று எழுத

[பசு திரும்பியெல்லாம் பார்க்கவில்லை. இசக்கியம்மா கையில் புல்லுக்கட்டு இருந்தது.]

பங்களா அடுக்களையைக் கட்டிய வேதமுத்துக் கொத்தனாரே வந்தார். நல்ல வேலைக்காரர், வாய் அதைவிட நல்ல வேலைக்காரர். தான் கட்டிய புகைக்கூண்டில் புகை போவதைப் பார்க்க மதுரையிலிருந்து ஆள் வந்ததாகச் சொன்னார். மேடை, புகைக்கூண்டு, சுவருக்குள் கதவு போட்ட அலமாரி என மூன்று சொன்னார். பசுவின் விலைக்கு இரண்டுதான் தேறும்.

"அலமாரி வேணும் வே, கண்ணாடிக் கதவு போட்டு" என்றான் நாறும்பூநாதன். "வாறவன் போறவன் பாக்கணும்லா."

உள்கதவுக்குப் பின்னாலிருந்து சொர்ணாம்பாளின் குரல் வந்தது. "வாறவங்க அடுக்களைக்குள்ள எதுக்கு வாராகளாம்? மொதல்ல கூண்டு. பெறகு மேடை. அலமாரிக்குப் பதிலா உறி இருக்கு."

அலமாரி போயிற்று. செங்கல்லிலும் கொஞ்சம் மிச்சம் பிடித்தார்கள். சீவலப்பேரிச் சூளையில் அதிகமாக வெந்து கருகிய கல் சல்லிசாகக் கிடைத்தது. நெருப்பில் இருக்கப்போகிற கல் கருகியிருந்தால் என்ன என்றாள் அவள். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு வேதமுத்து கேட்டார்:

"பிள்ளைவாள், அம்மாவ ஒரு நிமிஷம் வந்து நிக்கச் சொல்லுங்க. இடுப்பு எங்கன வருதுன்னு சுவத்துல ஒரு கோடு போட்டுக்கிடுதேன்."

நாறும்பூநாதனுக்கு முகம் செத்துவிட்டது. "வீட்டுப் பொம்பளய அளக்கவா? என்ன வே பேசுதீரு?"

"அப்ப யாரு அளவுக்குக் கட்ட?"

"நான் நிக்கேன்."

நின்றான். நாறும்பூநாதன் நிலைப்படியில் குனிந்து நுழைகிற ஆள். சொர்ணாம்பாள் அவன் நெஞ்சுவரைதான் வருவாள். வேதமுத்து அவன் இடுப்பில் கரித்துண்டால் கோடு கிழித்தார். வேதமுத்துவுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் உயரமான மேடையைப் பூசக் குனிய வேண்டியதில்லை. அவருக்கும் இடுப்பு வலி.

4 (எனக்கு வந்த சந்தேகங்கள்)

கதவுக்குப் பின்னாலிருந்த சொர்ணாம்பாளுக்கு இது கேட்டிருக்குமே, அப்போது ஏன் பேசவில்லை? அலமாரிக்குப் பேசியவள்தானே? இந்த இடத்தில் இரண்டு நாள் பேனாவை மூடிவைத்தேன். கடைசியில் அவளையே கேட்டேன்.

"கதவுக்குப் பின்னால என்ன நிக்க வச்சது யாரு? நீங்கதான. நான் கண்ணாலயா பாத்தேன், அவுக எந்த எடத்துல நின்னாக, கோடு எங்கன விழுந்துச்சுன்னு? கொத்தனாரு என்னமோ பங்களா அளவு தெரிஞ்ச ஆளு, கூட்டிக் கொறச்சுக் கட்டுவாருன்னு இருந்துட்டேன். இப்ப வந்து என்னையக் கேக்கிய."

சரி. தப்பு என் மேல்தான் போலிருக்கிறது.

இன்னொரு சந்தேகம்: நாறும்பூநாதனை ரொம்பக் கெட்டவனாக்கிவிட்டேனோ? அவன் கெட்டவனில்லை. வண்டி பூட்டிக் கண்ணைக் காட்டக் கூட்டிப்போனவன். ஆனால் இலையில் உட்கார்ந்தால் ஒரு பழக்கம் உண்டு. முதல் கவளம் உள்ளே போனதும், "உப்பு ஒரு கல் கூட" என்பான். சிலநாள், "ஒரு கல் கொறச்சல்." சரியாக இருக்கிறது என்று அவன் சொல்லி அவள் கேட்டதில்லை. அதிலும் ஒரு நியாயம் உண்டு, அவனுக்குச் சமைக்கத் தெரியும். வீட்டில் வேறு பெண் கிடையாது. மாதத்தில் மூன்று நாள் அவள் விலகி உட்காரும்போது அவன்தான் அடுப்படி. தேங்காய்ப்பால் திரியாமல் சொதி வைப்பான்.

[இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று இப்போது கேட்காதீர்கள்.]

5

வேலை நடந்தபோது கொல்லையில் கொட்டகை போட்டுச் சமைத்தாள். ஆண்கள் வேலை செய்கிற பக்கம் அவள் போகக் கூடாது. வேலை முடிந்ததும் நாள் பார்த்துத்தான் நுழைய வேண்டும் என்று நாறும்பூநாதன் கதவைச் சாத்திவிட்டான். ஆக, தன் அடுக்களையைச் சொர்ணாம்பாள் முதன்முதலாகப் பார்த்தது பால் காய்ச்சுகிற அன்றைக்குத்தான், சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடி நிற்கும்போது.

பால் இசக்கியம்மா வீட்டிலிருந்து வந்தது. செம்பைத் திறந்ததும் வாசனையிலேயே தெரிந்துவிட்டது அவளுக்கு, அவளுடைய மயிலையின் பால்.

அடுப்பைப் பற்றவைத்தார்கள். புகை கூண்டுக்குள் ஏறி, சமர்த்தாக வெளியே போயிற்று. வாசலில் நின்ற வேதமுத்து கூரையைப் பார்த்துக் கும்பிட்டார். உள்ளே சொர்ணாம்பாள் மேடையின் முன்னால் நின்றாள். மேடை அவள் நெஞ்சுக்கு வந்தது. மேடை மேல் அடுப்பு, அடுப்பின் மேல் பானை. கழுத்தை எக்கிப் பார்த்தாள், பானையின் வயிறு தெரிந்தது. நுனிக்காலில் நின்றாள், விளிம்பு தெரிந்தது. தன் பசுவின் பால் பொங்குவதை அவள் பார்க்கவில்லை. பின்னால் நின்ற நாறும்பூநாதன்தான் அவள் தலைக்கு மேலே பார்த்து, "பொங்கிட்டு, பொங்கிட்டு!" என்றான். பெண்கள் குலவையிட்டார்கள்.

புகையே இல்லாத அந்த அடுக்களையில் அவள் கண் நிறைந்து வழிந்தது.

"ஏளா, இன்னும் புகை வருதோ?" என்றான் அவன்.

6

ஆட்கள் போனபின் கொல்லைச் சன்னலுக்கு வெளியே நின்று வேதமுத்து எட்டிப்பார்த்தார். "ரெண்டு வரி கல்ல எடுத்தாப் போதும் பிள்ளைவாள். அரை நாள் வேலை. கூலிகூட வேண்டாம்."

"அத நேத்தே சொல்லப்பிடாதா? பால் காய்ச்சியாச்சே வே."

பால் காய்ச்சியபின் அது சாமி கும்பிடுகிற அடுக்களை. கிறிஸ்தவக் கொத்தனார் கால் வைத்தால் தீட்டு. நேற்றுவரை அதே இடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டவர்தான். இன்றைக்குச் சன்னலோடு சரி.

இனி முடிவு. என்னிடம் சில இருக்கின்றன.

அ) ஒரு மணையைப் போட்டு அதன் மேல் ஏறி நின்று சமைத்தாள். [எழுதிப் பார்த்தேன். இரண்டே வரியில் இறங்கிவிட்டாள். "ஏறி எறங்க நான் என்ன தேர்லயா நிக்கேன்? சேலையில தீப்பிடிச்சா நீங்க வந்து அணைப்பியளா?"]

ஆ) வேதமுத்து உள்ளே வந்து மேடையைக் குறைத்தார். [எழுதுகிறவளுக்கு இது ஒரு வரி வேலை. நிலைப்படிவரை கொண்டுவந்துவிட்டேன். அவர் நின்றுவிட்டார். "வீட்டுக்காரக கூப்பிடாம வர மாட்டேன் தாயி. எனக்கும் ஒரு இது இருக்குல்லா."]

இ) நாறும்பூநாதனே கடப்பாரையை எடுத்து [சிரிக்காதீர்கள். சிரித்துவிட்டுத்தான் நானும் இந்த வரியை அடித்தேன்.]

7 (இது நான் எழுதியதல்ல, சொர்ணாம்பாள் தானே செய்தது)

மறுநாள் காலையில் சொர்ணாம்பாள் குளித்து, பொட்டு வைத்து, அடுக்களை வாசலில் மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"அடுப்புப் பத்தவைக்கலையா?" என்றான் நாறும்பூநாதன்.

"யாரு அளவுக்குக் கட்டுனாகளோ அவுக நின்னு சமைக்கட்டும். எனக்கு எட்டுத அன்னைக்கு நான் வாரேன்."

"கச்சேரிக்கு நேரமாகுதுளா!"

"மாசத்துல மூணு நாளும் கச்சேரிக்குப் போகத்தான செய்யுதிய?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். சமைத்தான். அடுப்பு புதுசு, முதல் நாள் சாதம் குழைந்தது. அடுத்த நாள் பருப்பு வேகவில்லை. பிறகு கை பழகிவிட்டது. ஒருநாள் கரண்டியோடு திரும்பி, "இடுப்பு வலியே இல்லளா, நல்ல அளவு" என்று மெய்யாகவே சந்தோஷப்பட்டான். அவள் பார்த்த பார்வையில் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தெருவில் பேச ஆரம்பித்தார்கள். "குமாஸ்தாவுக்குத் தவசிப்பிள்ளை உத்தியோகமும் கெடச்சிருக்காம்லா" என்று வாசலில் நின்றே சொன்னார்கள். தவசிப்பிள்ளை என்றால் கல்யாண வீட்டுச் சமையற்காரர். அவன் அதற்காக மனம் மாறினான் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் மாறியது வேறு ஒரு நேரத்தில்.

சொதி இறக்கியிருந்தான். அவள் முன்னால் இலையைப் போட்டுக் குனிந்து சாதம் வைத்து, சொதியை ஊற்றியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏளா."

"என்ன?"

"உன் கண்ணு வெள்ளையா இருக்கு."

கல்யாணத்தன்று பார்த்தது. நடுவில் அந்த வெள்ளையை மறந்தே போயிருந்தான். அதைச் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "வேதமுத்துக்கு ஆள் அனுப்புதேன். உள்ளயே வரட்டும். எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிடுதேன்" என்றான்.

சொர்ணாம்பாள் முதல் கவளத்தை வாயில் போட்டாள். அவன் காத்துநின்றான், இத்தனை வருஷம் அவள் காத்துநின்ற அதே இடத்தில்.

8

இங்கே அவள் ஒரு வாக்கியம் பேச வேண்டும். நான் மூன்று எழுதிவைத்தேன். "வரச் சொல்லுங்க." "என்ன அவசரம், பைய வரட்டும்." மூன்றாவது அவனுடைய பழைய வாக்கியம், உங்களுக்கே தெரியும். மூன்றையும் அவளிடம் காட்டினேன். ஏறெடுத்தும் பார்க்காமல், சொதி இன்னொரு கரண்டி விடச் சொல்லி இலையைத் தொட்டுக் காட்டினாள்.

நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். ஒரு தகவல் மட்டும் தருகிறேன், தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு அது வேண்டும்: உப்பு சரியாக இருந்தது.

எனக்கு இப்போது நேரமில்லை. கடைக்காரர் கூப்பிட்டிருக்கிறார், உயரத்தை இன்றைக்குள் சொல்ல வேண்டுமாம். இதுவரை எழுதியதை என் வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்தார். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, இதோ, அறை வாசலில் வந்து நிற்கிறார். நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.