இரண்டு மணிக் கட்டம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நர்ஸுக்கு இரண்டு நோயாளிகள் என்பது விதி. அந்த விதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அன்று எனக்கு மூன்று பேர். ஆள் கேட்டால், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சிஸ்டர்" என்பார் மேட்ரன். பதினோரு வருடமாக அட்ஜஸ்ட் பண்ணி எனக்கு இடுப்பே கோணிவிட்டது.

மணிக்கொரு தரம் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் பார்த்து, அட்டவணையில் அந்த மணிக்குரிய கட்டத்தில் எழுத வேண்டும். நோயாளியை விட்டாலும் விடலாம், கட்டத்தைக் காலியாக விடக்கூடாது. அதனால் கை ஓய்ந்த நேரத்தில் அடுத்த கட்டத்தையும் சேர்த்தே நிரப்பிவிடுவோம். எல்லோரும் செய்வதுதான். யாரும் வாய் திறப்பதில்லை.

ஏழாம் படுக்கையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நான்கு நாளாக அவருடைய எண்கள் அசையவேயில்லை. மதியம் ஒரு மணிக்கே இரண்டு மணிக் கட்டத்தில் 'நாடி 82, அமைதியாக இருக்கிறார்' என்று எழுதிவிட்டு, ரத்தவாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஐந்தாம் படுக்கைக்கு ஓடினேன். ஒன்று இருபதுக்கு ஏழாம் படுக்கையின் அலாரம் அடித்தது. பக்கத்து நர்ஸ் வந்து ஐந்தாம் படுக்கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் என்னால் நகர முடிந்தது. டாக்டர் நெஞ்சை அழுத்திப் பார்த்தார். ஒன்று நாற்பதுக்கு இறந்தார் என்று எழுதினார்.

மேட்ரன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கையில் அட்டவணை.

"செத்து இருபது நிமிஷம் கழிச்சும் நாடி எம்பத்திரண்டா? அமைதியா வேற இருக்காரா?"

நான் அட்டவணைக்குக் கை நீட்டினேன்.

"ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பு. இங்க உனக்கு வேலை இல்ல."

 வீட்டில் சம்பளம் என்று வருவது என்னுடையது மட்டும்தான். வீட்டுக்காரர் வேலை தேடுவதையே முழுநேர வேலையாகச் செய்கிறார்.

அட்டவணையை வாங்கிப் பார்த்தேன். இரண்டு மணிக் கட்டத்தின் அடியில், நேரில் பார்த்ததற்கு அடையாளமாக மேட்ரனின் கையெழுத்து இருந்தது. இன்னும் ஆகாத மூன்று மணிக்கும் இருந்தது. காலை ரவுண்ட்ஸிலேயே இரவு எட்டு வரைக்கும் மொத்தமாகப் போட்டுவிட்டுப் போவது அவர் வழக்கம்.

"மேடம், நீங்க எட்டு மணிக்கும் பாத்திருக்கீங்க."

மேட்ரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"புதுத் தாள் எடுங்க சிஸ்டர்."

மரியாதை திரும்பி வந்தது, வேலையும் வந்தது. ஒன்று நாற்பதோடு முடிகிற புதுத் தாளை எழுதினேன். பழையதை மேட்ரன் தன் கையாலேயே கிழித்தார்.

வெளியே டிரைவரின் மகள் நின்றிருந்தாள்.

"சிஸ்டர், கடைசியா அப்பா எப்படி இருந்தாரு? ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

அலாரம் அடித்தபோது அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

"அமைதியா இருந்தாரும்மா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கையை உருவிக்கொள்ளவும் மனம் வரவில்லை.

என் பின்னாலேயே வந்திருந்த மேட்ரன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"ஆமாம்மா, நானும் பாத்தேன்" என்றார்.