துடைக்காத ஈரம்

"இவன் சிரிச்சிக்கிட்டே சுத்தியலால தட்டினான் பாருங்க சிஸ்டர், எனக்கு மண்டைக்குள்ள மணி அடிச்சுது."

மாமா கட்டிலில் சாய்ந்தபடி அந்தக் கதையை மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். இரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். ஜன்னலோரம் நின்ற எலும்பு மருத்துவர், மாமாவின் மனைவிக்குத் தம்பி, திரும்பாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதை குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். நான்கு வருடங்களுக்கு முன்பு, மாமாவின் தேய்ந்துபோன இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தவர் இந்த மைத்துனர்தான். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தார்கள். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் மாமா விழித்துக்கொண்டு கிடந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவருக்கு வாய் சும்மா இருக்காது.

"மாப்ளே, எங்க டிப்போவில ஒரு மெக்கானிக் இருந்தான். வண்டியைக் கழட்டிப் பூட்டினா கையில எப்பவும் ரெண்டு நட்டு மிச்சம் இருக்கும். கேட்டா, கம்பெனிக்காரன் தெரியாம அதிகமாப் போட்டுட்டாம்பான். உனக்கு எத்தனைடா மிச்சம்?"

அறுவை அறையே சிரித்ததாம். கதை அங்கே முடியும்.

மருத்துவருக்கு அங்கே முடிவதில்லை. அந்தச் சிரிப்புக்கு நடுவே உதவி நர்ஸ் ஓர் உலர்ந்த துணியை நீட்டினாள். தொடை எலும்புக்குள் இறக்கிய தண்டின் மேல்முனையைக் கழுத்து என்பார்கள். அதை ஈரம் போகத் துடைத்த பிறகே உலோக உருண்டையை மாட்டித் தட்ட வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுப்பதுதான். அன்று அவர் துணியை வாங்கவில்லை. சிரித்துக்கொண்டே உருண்டையை மாட்டினார், சுத்தியலைக் கேட்டார். தட்டி முடித்த பிறகுதான் அந்தக் கை நீட்டியபடியே இருப்பதைப் பார்த்தார். கழற்றித் துடைத்து மறுபடி மாட்டியிருக்கலாம். செய்யவில்லை.

இருபது வருடம் உழைக்க வேண்டிய மூட்டு அது. இப்போது தொடை வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் உருண்டையில் இருக்கும் கோபால்ட் உலோகம் இரத்தத்தில் ஏறியிருந்தது. வீக்கத்தில் ஊசி விட்டபோது கலங்கலான சாம்பல் நீர் வந்தது. அதில் கிருமி இல்லை. உருண்டையும் கழுத்தும் சேரும் இடத்தில் உலோகம் அரித்து, அந்தக் கசடு சுற்றியிருந்த சதையைத் தின்றுகொண்டிருந்தது. காரணங்கள் நிறைய. உருண்டையின் அளவாக இருக்கலாம், இரண்டும் வேறு வேறு உலோகம் என்பதாக இருக்கலாம். நன்றாகத் துடைத்து மாட்டியவையும் அரித்ததுண்டு. இவற்றை அவர் தனக்குத்தானே பல நாள் சொல்லிப் பார்த்தார். எல்லாமே சரியான காரணங்கள்தான். சொல்லி முடித்ததும் அந்தக் கை நீட்டியபடியே இருந்தது.

நர்ஸ் சிரித்துக்கொண்டே வெளியே போனாள்.

"நாளைக்கு ஆபரேஷன் நீதானே? வேற ஆள்கிட்ட நான் சாவியைக் கொடுக்க மாட்டேன்" என்றார் மாமா.

"இல்ல மாமா. எங்க சீனியர் பண்றார்."

"ஏன், உனக்கு என்ன கேடு?"

துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமல் சொன்னாள். "ஒரு வருஷமா வலிடா இவருக்கு. செருப்பு கடிக்குது, செருப்பு கடிக்குதுன்னு எங்கிட்டயே புளுகிக்கிட்டு இருந்தார். எல்லார்கிட்டயும் உன்னைப் பத்திப் பெருமை அடிச்சாச்சாம். இப்பப் போய் நொண்டினா உன் பேர் கெட்டுடுமாம்."

"நீ கொஞ்சம் வாயை மூடுறியா?" என்றார் மாமா.

மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நான் அதைத் துடைக்கல மாமா."

"எதை?"

சொன்னார். துணி, ஈரம், சுத்தியல். அதுதான் காரணமென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னார். அது உண்மைதான். அவர் காதுக்கே அது சாக்காகக் கேட்டது.

வெளியே ஒரு தள்ளுவண்டி உருண்டு போய் ஓய்ந்தது. மாமா வீங்கிய தொடையின் மேல் கையை வைத்தபடி கூரையைப் பார்த்தார்.

"அப்போ, நான் தொணதொணன்னு பேசினதாலதான்."

"ஐயோ, இல்ல மாமா. தப்பு என்னோடது."

"ஓட்டுறவன்கிட்டப் பேச்சுக் கொடுக்காதேன்னு பஸ்ல எழுதியே போட்டிருக்கும். அந்த எழுத்துக்குக் கீழதானே வாழ்நாள் பூரா உட்கார்ந்திருந்தேன்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். இதை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அக்கா தம்பியின் முகத்தைப் பார்க்காமல் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

மறுநாள் அறுவை அறையில் அவர் சுவரோரம் நின்றார். உருண்டை கழன்று வந்ததும், கழுத்தைச் சுற்றிக் கருப்பாக ஒரு வளையம் தெரிந்தது. முன்பே எல்லாம் கேட்டிருந்த சீனியர் ஒருமுறை நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். கழுத்தைச் சுரண்டிக் கழுவினார். உலர்ந்த துணியை வாங்கித் துடைத்தார். இன்னொரு துணி கேட்டு வாங்கி மறுபடியும் துடைத்தார். பிறகு அரிக்காத பீங்கான் உருண்டை ஒன்றை மாட்டினார்.

பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மயக்க மருத்துவர் குனிந்து, "ஐயா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க." மாமாவின் குரல் அடங்கி வந்தது. "டாக்டர் தட்டி முடிக்கட்டும். அப்புறம் பேசுறேன்."

சுத்தியல் விழுந்தது. சுவரோரம் நின்றவர் காத்திருந்தார். தையல் போட்டு முடிக்கும்வரை மாமா பேசவில்லை.