பாட்டு மட்டும்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ரேடியோ கம்பெனிப் பையன் நிஷாந்த் தன் உதட்டின் இரண்டு ஓரங்களையும் விரலால் இழுத்துக் காட்டுகிறான், சிரித்தபடி பேச வேண்டும் என்று அதற்கு அர்த்தம், சிரிச்சா குரல்லயும் தெரியும்க்கா, கேக்கறவங்களுக்கு உங்க பல்லு தெரியணும் என்று காலையிலேயே சொல்லியிருந்தான், பிலோமினா சிரிக்கிறாள், இனிய மாலை வணக்கம், இது உங்க குளுகுளு எஃப்.எம்., நான் உங்க ஃபிலோ என்கிறாள், கோயமுத்தூரில் அந்த ஒலிப்பதிவு அறைக்குள் வெயிலும் இல்லை மழையும் இல்லை, சுவரெல்லாம் கறுப்பு நுரைப்பஞ்சு, பேசிய சொல் உதட்டை விட்டு இறங்கியதுமே செத்து விழுவதுபோல் இருந்தது அவளுக்கு, ஒரே பகலில் முப்பது மாலைகளைப் பேசி முடிக்க வேண்டும், திங்கட்கிழமை மாலை, செவ்வாய்க்கிழமை மாலை, அதற்கடுத்த திங்கட்கிழமை மாலை, மழை வருமா வராதா என்று தெரியாத நாளுக்கு எப்படித் தம்பி பேசறது என்று கேட்டாள், மழையே வேண்டாம்க்கா, கிளைமேட் சூப்பர்னு மட்டும் சொல்லுங்க, உங்க மலையில என்னைக்குமே கிளைமேட் சூப்பர்தானே என்றான் அவன், அவளும் சரியென்று தலையாட்டினாள், அப்புறம் மெல்ல, யானைச் சேதி எப்ப வாசிக்கணும் தம்பி என்று கேட்டாள், நிஷாந்த் கையிலிருந்த தாளைப் புரட்டினான், பேச்சே வேண்டாம்னுதான்க்கா கம்பெனி முடிவு, வணக்கம் சொல்லி ரெண்டு வார்த்தை, அப்புறம் பாட்டு மட்டும், அதுதான் நம்ம புது ஃபார்மட், யானையெல்லாம் ஆப்ல வந்துரும், மேப்போட வரும், என்றான், எஸ்டேட்டுக்குள்ள போன் சிக்னலே கிடையாதே என்று இவள் சொன்னதற்கு, வரும்க்கா, எல்லாம் வரும் என்றான், அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும், எழவில்லை, வெந்நீர் வாங்கி இரண்டு வாய் குடித்துவிட்டு அடுத்த மாலையைப் பேச ஆரம்பித்தாள்.

ஏன் எழவில்லை என்று பிறகு பல தடவை யோசித்துப் பார்த்தாள், பெருமைதான், வேறொன்றும் இல்லை, சோலை வானொலியை நடத்திவந்த தோட்டக்காரர் சங்கம் இனி நம்மால் முடியாது என்று அதைக் கோயமுத்தூர் கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டபோது நிலையத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள், எட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இவளை மட்டும் இருக்கச் சொன்னார்கள், யார் போனாலும் உங்க குரல் போகக் கூடாதுக்கா என்று நிஷாந்த் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அவள் பஸ்ஸில் நாற்பது கொண்டை ஊசி வளைவும் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள், ஐம்பது வயதை நெருங்குகிறவளிடம், கணவன் இல்லாமல் டவுனில் ஒற்றை அறையில் இருக்கிறவளிடம், யார் அப்படியொரு வார்த்தை சொல்லப்போகிறார்கள், அந்தக் குரலில்தான் பதினொரு வருஷமாக யானை நடமாட்டம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது என்பது அப்போது அவள் நினைவில் இல்லாமல் இல்லை, நினைவில் இருந்தது, பெருமைக்குக் கீழே கிடந்தது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாசம், தேயிலைக் கொழுந்து எடை போட்டுவிட்டுக் குறுக்குப் பாதையில் பாடிக்குத் திரும்பிய இரண்டு பெண்கள், வரிசையாக ஓட்டு வீடுகள் இருக்கிற அந்தப் பாடிக்கு இன்னும் பத்து நிமிஷ நடைதான், ஓடைத் திருப்பத்தில் யானையின் முன்னால் போய் நின்றுவிட்டார்கள், அடக்கம் நாளை காலை பத்து மணிக்கு என்று மறுநாள் வானொலியில் வாசித்தவளே பிலோமினாதான், வாசித்து முடித்ததும் நிலையப் பொறுப்பாளர் குரியன் சார் உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தார், செத்ததுக்கப்புறம் சொல்ற ரேடியோ எதுக்கும்மா நமக்கு என்றார், அந்த வாரமே வனக் காவலர் சுருளியைப் பேசிச் சரிக்கட்டினார், யானை எங்கே நிற்கிறது என்று அவன் பார்த்து, சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிப் போன் செய்ய வேண்டும், மாலை நாலே முக்காலுக்குப் பிலோமினா பாட்டை நிறுத்திவிட்டு அதை வாசிக்க வேண்டும், யானை இல்லாத நாளில் இல்லைன்னு சொல்லி நேரத்தைக் கடத்தாதே, பேசாம பாட்டைப் போடு, பாட்டு ஓடினா பாதை சும்மா கிடக்குன்னு அவங்களே புரிஞ்சுக்குவாங்க, என்று அவர் சொன்னது எவ்வளவு சீக்கிரம் மலைக்குள் ஊறிவிட்டது, எடை போடும் கொட்டகையில் பெண்கள் டப்பா ரேடியோவை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு நாலே முக்காலுக்குச் சத்தத்தைக் கூட்டுவார்கள், பிலோமினா பேசினால் சுற்றிக்கொண்டு தார் ரோட்டில் போவார்கள், பாட்டு வந்தால் குறுக்கே இறங்குவார்கள், பிள்ளைகள்கூட, பாட்டு ஓடுதும்மா போலாம் என்று கையைப் பிடித்து இழுக்கும், ஒரு பாட்டுக்கு அப்படியொரு அர்த்தம் வேறெந்த ஊரிலும் இருந்திருக்காது, அது கம்பெனியின் எந்தக் காகிதத்திலும் எழுதப்படவில்லை.

வானொலிக்குப் பெயர் மாற்றிய அன்று டவுனில் பலூன் கட்டினார்கள், ஆரஞ்சு நிற பனியன் போட்ட பையன்கள் பஸ் கண்ணாடிகளில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், பேச்சே இல்லை, பாட்டு மட்டும் என்று அதில் எழுதியிருந்தது, பிலோமினா நின்று அதை இரண்டு தடவை படித்தாள், அன்று மாலை மார்க்கெட்டில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது கடைக்குள்ளிருந்து தன் குரலே தன்னை அழைப்பதைக் கேட்டாள், இனிய மாலை வணக்கம் என்றது, அவளைவிட இளமையாக, அவளைவிடச் சந்தோஷமாக இருந்தது, கடைக்காரர் சுப்பராயன் நிமிர்ந்து பார்த்து, நீ இங்க நிக்கற, அங்க யாரும்மா பேசறது என்று சிரித்தார், அண்ணாச்சி, அது பதிவு, முன்னாடியே பேசி வச்சது, இனிமே யானைச் சேதி வராது, எஸ்டேட்ல இருந்து வர்றவங்ககிட்ட சொல்லுங்க என்று அவள் சொன்னாள், சொல்லிருவோம் என்று அவர் வெங்காயத்தைத் தராசில் போட்டார், எஸ்டேட் ஆபீசுக்குப் போய்ச் சொன்னாள், எழுதிக் குடுத்துட்டுப் போங்க என்றார்கள், எழுதிக் கொடுத்தாள், நிஷாந்துக்குப் போன் செய்தாள், ஆப் அடுத்த மாசம்க்கா என்றான், சுருளிக்கும் அடித்துப் பார்த்தாள், காட்டுக்குள் அவன் போன் கிடைக்கவில்லை, அந்த நாட்களில் யானைகள் எல்லையைத் தாண்டி அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் இறங்கியிருந்தன, பதினொரு மாலைகள் மலையில் ஒன்றுமே நடக்கவில்லை, பாட்டு ஓடியது, பாதை உண்மையாகவே சும்மா கிடந்தது, ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளும் அவளுக்குப் பயம் கூடியது, கண் அசந்தால் கனவு, கையில் சுருளியின் சேதி, எதிரில் மைக், வாயைத் திறக்கிறாள், பேச்சு வரவில்லை, பாட்டுதான் வருகிறது, யாரோ ஒருத்தியின் இனிமையான பாட்டு, வாயை மூடினாலும் நிற்காமல் வருகிறது.

பன்னிரண்டாம் நாள் தொண்டை முழுக்கக் கட்டிவிட்டது, நாலு நாளாகச் சளி, குரல் காற்றாகத்தான் வந்தது, முக்கு ரோட்டு டாக்டரிடம் மாத்திரை வாங்கிக்கொண்டு அவள் பஸ்ஸுக்கு நிற்கிறாள், பனி இறங்கிக்கொண்டிருக்கிறது, மணி நாலு முப்பத்தைந்து, போன் அடிக்கிறது, சுருளி, அம்மா, ஏழு உருப்படி, ஒண்ணு கைக்குட்டி, ஈனிப் பத்து நாள்கூட இருக்காது, தாய் ரொம்ப ரோசமா இருக்கு, பதினாலாம் ஃபீல்டுல இருந்து ஓடைக்கு இறங்குது, குறுக்குப் பாதைப் பக்கம் ஒரு ஈ காக்கா போகக் கூடாது, சொல்லிருங்க என்று மூச்சு வாங்கச் சொன்னான், காட்டுக்குள்ளேயே கிடந்தவனுக்கு ஸ்டிக்கரும் தெரியாது பலூனும் தெரியாது, சுருளி, நான் இப்ப ரேடியோல இல்ல என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது, சரிங்கம்மா என்று அவன் வைத்துவிட்டான், அவன் கடமை முடிந்துவிட்டது, அவள் நிலையத்துக்குப் போன் செய்தாள், வாட்ச்மேன் ராயப்பன் எடுத்தார், ஸ்டுடியோவைத் திறங்கண்ணே, யானை வருது என்று கரகரத்தாள், யாரும்மா, சத்தமாப் பேசு என்றார் அவர், மூன்றாம் தடவை புரிந்தது, பூட்டியிருக்கேம்மா, சாவி கோயமுத்தூர்ல இருக்கு, உள்ள மிஷின் தானா ஓடிட்டிருக்கு என்றார், கரண்டையாவது புடுங்குங்கண்ணே என்றாள், ஜெனரேட்டர் வந்துரும்மா, என் கையில ஒண்ணும் இல்ல என்றார், அவர் குரலில் பொய் இல்லை, எஸ்டேட் ஆபீஸ் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை, எடைக் கொட்டகையில் சிக்னல் கிடையாது, அந்த வழியாக வந்த பால் ஜீப்பை மறித்து ஏறினாள், குறுக்குப் பாதை ஆரம்பிக்கிற மைல்கல் பக்கம் இறங்கும்போது மணி நாலு ஐம்பத்தைந்து, கொட்டகையிலிருந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், தலையில் சாக்கு, இடுப்பில் பிளாஸ்டிக் ஷீட், பனிக்குள்ளிருந்து முதலில் பாட்டு வந்தது, அப்புறம்தான் ஆட்கள் வந்தார்கள்.

முன்னால் வந்தவள் பவளம், ஆறு மாசத்துக்கு முன்புதான் கல்யாணமாகி இந்த எஸ்டேட்டுக்கு வந்தவள், டப்பா ரேடியோ அவள் பையில்தான் இருந்தது, பிலோமினா கையை அகல விரித்துப் பாதையின் வாயில் நின்றாள், யானை என்றாள், காற்றாகத்தான் வந்தது, யானை, ஓடைல, ரோட்டுல போங்க என்றாள், பவளம் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள், என்னாச்சுங்க, உடம்பு முடியலையா என்று பரிவாகத்தான் கேட்டாள், யானையெல்லாம் இல்லீங்க, இருந்தா பிலோமினாக்கா சொல்லியிருப்பாங்கல்ல என்றாள், நாந்தான் பிலோமினா என்று இவள் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள், பவளத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவங்க அங்க ரேடியோல பேசிட்டிருக்காங்க, இங்க எப்படிங்க நிப்பாங்க, நாலே முக்காலுக்குக்கூட வணக்கம் சொன்னாங்களே, என்றாள், பின்னால் வந்த மூத்தவள் மரகதம் மட்டும், பாத்த முகமா இருக்கேடி என்று நெற்றியைச் சுருக்கினாள், பதினொரு வருஷம் அவர்கள் காதுக்குள் இருந்தவளை ஒருத்திக்கும் கண்ணால் தெரியவில்லை, இன்னொருத்தி, வழிய விடும்மா, பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசல்ல உக்காந்திருக்கும் என்று அதட்டினாள், பிலோமினா பாதையின் குறுக்கே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள், இரண்டு பக்கமும் தேயிலைச் செடியின் தூரைப் பிடித்துக்கொண்டாள், பைத்தியம் போல என்று யாரோ சொன்னார்கள், ஒருத்தி அவளைத் தாண்டிப்போகக் காலைத் தூக்கினாள், அந்தக் கணுக்காலை இவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள், விடுடி, விடுடி என்று அவள் உதறிக்கொண்டிருக்கும்போதுதான் கீழே பனிக்குள் ஒரு மரக்கிளை முறிந்தது.

பனி கொஞ்சம் விலகுகிறது, முப்பதடிக்குக் கீழே, ஓடைத் திருப்பத்தில், பாறை என்று பார்த்துக்கொண்டிருந்தது நகர்கிறது, ஒன்று, அதற்குப் பின்னால் ஒன்று, நடுவில் கால்களுக்கிடையில் தள்ளாடிக்கொண்டு சின்னதாக ஒன்று, பெண்கள் அப்படியே குந்திவிட்டார்கள், பவளத்தின் பைக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவள் பதறிப் பைக்குள் கையை விட்டாள், ரேடியோவின் திருகு எப்போதோ கழன்றுபோய் அங்கே ஒரு குச்சியைச் செருகி வைத்திருந்தாள், குச்சி விழுந்துவிட்டது, நகத்தால் திருப்புகிறாள், திரும்பவில்லை, பாட்டு முடிகிறது, ஒரு நொடி நிசப்தம், பிறகு அந்தச் சிரித்த குரல், பளிச்சென்று, மலை முழுக்கக் கேட்கும்படி, வேலை முடிஞ்சு வீட்டுக்குக் கிளம்பிட்டீங்களா, அவசரமே வேண்டாம், ஜாலியா நடங்க, நானும் உங்ககூடவே வர்றேன்.

தாய் யானை நின்றது, தலையைத் திருப்பியது, குரல் வந்த திசையைப் பார்த்தது. பிலோமினா பவளத்தின் கையிலிருந்து டப்பாவைப் பறித்து ஸ்வெட்டருக்குள் திணித்து வயிற்றோடு சேர்த்து அமுக்கிக் குப்புறப் படுத்துக்கொண்டாள், மண்ணும் இலையும் வாய்க்குள் வந்தன, விலா எலும்புக்குக் கீழே குரல் அதிர்ந்துகொண்டிருந்தது, எறும்பு ஊர்வதுபோல், தன் வாயைத் தானே பொத்திக் கொல்கிறதுபோல் இருந்தது அவளுக்கு, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, கீழே பெரிய மூச்சு ஒன்று சீறியது, கல் உருண்டது, தண்ணீர் கலங்கியது, மரகதத்தின் கை வந்து இவள் முதுகில் பதிந்து அவளைக் கீழே அழுத்திக்கொண்டே இருந்தது, அப்புறம் ஓடையின் மறுகரையில் ஈற்றை மூங்கில்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன, சத்தம் தூரத்தில் போய்த் தேய்ந்தது, அதற்கப்புறமும் ரொம்ப நேரம் ஒருத்தியும் எழவில்லை, கடைசியில் மரகதம் குனிந்து இவள் முகத்திலிருந்த மண்ணைத் துடைத்தாள், நீதானே அது என்று கேட்டாள், பிலோமினா தலையசைத்தாள், அப்ப உள்ள பேசறது யாரு என்றாள் மரகதம், அதற்குச் சொல்லப் பதில் இருந்தது, குரல் இல்லை, மேல போயிருவோம், ரோட்டோட போயிருவோம் என்று மரகதமே எல்லாரையும் கிளப்பினாள், பிலோமினா எழுந்து உட்கார்ந்து ஸ்வெட்டருக்குள்ளிருந்து டப்பாவை எடுத்தாள், அதில் ஒரு புதுப் பாட்டு ஆரம்பித்திருந்தது, முகம் வெளுத்துப்போய் நின்றுகொண்டிருந்த பவளம் அதைக் கேட்டதும் சாக்கை உதறித் தலையில் போட்டுக்கொண்டாள், அவள் கால் தானாக ஓடைப் பக்கம் திரும்பி ஒரு எட்டு இறங்கிவிட்டது, மரகதம் பாய்ந்து அவள் தோளைப் பிடித்தாள், எங்கடி போற என்று கத்தினாள், பவளம் திரும்பி, தூக்கத்திலிருந்து விழித்தவள்போல் எல்லார் முகத்தையும் பார்த்து, இல்லக்கா, பாட்டு ஓடுதே, என்றாள்.