எட்டு என்று ஒட்டியிருந்த கார்டு

காஸாபிளாங்காவின் பழைய சாமான் சந்தையில், தகரக் கூரைக்குக் கீழே மைலூதியின் கடை. பழைய லேப்டாப்புகளைப் பிரித்து, உள்ளே சொருகும் மெமரி கார்டுகளைப் பிஸ்கட் டப்பாவில் குவித்து விற்பான். என் மகள் பஹீஜா கட்டடப் படம் வரையப் படிக்கிறாள். எட்டு ஜிபி மெமரி இல்லாவிட்டால் அவள் வரைகிற மென்பொருள் திறக்காது. மறுநாள் படத்தைக் கொடுக்காவிட்டால் அந்த வருஷமே வீண்.

எழுத்துத் தெரியாத காலத்தில் எதை வாங்கினாலும் நாலு பேரிடம் காட்டிக் கேட்பேன். சிமெண்டு மூட்டை சுமந்த உடம்போடு மசூதி வகுப்பில் உட்கார்ந்து படித்த பிறகு யாரையும் கேட்பதில்லை. கார்டின் மேல் எட்டு என்று சீட்டு ஒட்டியிருந்தது. வாசித்தேன், வாங்கினேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் லேப்டாப் நாலு என்றது.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனேன்.

“என்னப்பா மைலூதி, எட்டுன்னு ஒட்டியிருக்கே?”

“ஒட்டியிருக்குல்ல? அப்புறம் என்ன, ஹாஜ்?” நான் மக்காவுக்குப் போனவனல்ல. காசு வாங்கிய பிறகு அவனுக்கு எல்லாரும் ஹாஜ்தான்.

“மெஷின் நாலுங்குது.”

“கிழட்டு மெஷின். அதுக்கு எண்ணத் தெரியல.”

பஹீஜா நகத்தால் சீட்டைச் சுரண்டினாள். அடியில் கம்பெனி அச்சடித்த நாலு.

பக்கத்துக் கடைக்காரர்கள் தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்தார்கள். மைலூதிக்கு ரோஷம் வந்துவிட்டது. டப்பாவைத் தூக்கினான்.

“ஒண்ணு தப்பிப் போயிருக்கும். எங்கம்மா மேல சத்தியம், இதுல கெடக்குறது அத்தனையும் எட்டுதான். எதை வேணா எடுத்துக்கோ. மேல ஒரு திர்ஹம் கேட்டா என்னை மனுஷன்னு கூப்பிடாதே!”

எங்கள் சந்தையில் நாலு பேர் முன்னால் அம்மாமேல் வைத்த சத்தியத்தை மீறினவனுக்கு மறுநாள் யாரும் தேநீர் ஊற்றமாட்டார்கள்.

பஹீஜா ஒவ்வொன்றாகச் சொருகி லேப்டாப்பைப் போட்டுப் பார்த்தாள். நாலு. மறுபடியும் நாலு. அடுத்தது ரெண்டு.

“ஏண்டா, உங்கம்மா நல்லா இருக்காங்களா?” என்றான் எதிர்க்கடை லர்பி. எல்லாரும் சிரித்தார்கள்.

டப்பாவின் அடியில் சீட்டே இல்லாத, அழுக்கேறிய ஒன்று கிடந்தது. அதையும் சொருகினாள். திரை விழித்தது. பதினாறு.

மைலூதியின் கை தானாக நீண்டது. “ஏய், அது வேற விலை!”

“எதை வேணா எடுத்துக்கோன்னியே” என்றேன்.

“எட்டுக்குத்தானே சத்தியம் பண்ணேன்!”

“ஏன், பதினாறுக்குள்ள எட்டு இல்லையாடா?” என்றான் லர்பி.

மைலூதி நீட்டிய கையால் தலையைச் சொறிந்தான். டப்பாவை உற்றுப் பார்த்தான். முகம் கறுத்தது.

“பொண்ணே, உக்காரும்மா. மிச்சத்தையும் போட்டுப் பாத்துச் சொல்லிடு. இதுவரைக்கும் எத்தனை பதினாறை எட்டு விலைக்குக் குடுத்துத் தொலைச்சேனோ!”

பஹீஜா காதில் விழவில்லை. மென்பொருள் திறந்துவிட்டது. அவன் கடைப் பலகைமேலேயே ஒரு வீட்டுக்குச் சுவர் எழுப்ப ஆரம்பித்திருந்தாள்.