தொட்டுக்கொண்டிருந்த இரும்பு

இந்தக் காலத்து ஆட்களிடம் ஒரு பொருளைக் காட்டினால் அதைப் பார்க்கமாட்டார்கள். கையிலிருக்கிற மீட்டரைப் பார்ப்பார்கள். முள் அசைந்தால்தான் நம்பிக்கை. அப்படி ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார், என் மகளைக் கட்டியவர். எண்ணெய்க் கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக்கு அவர்தான் பொறுப்பாளர். நான் அங்கே குழாய் மாட்டுகிறவன். வீட்டில் நான் பேசினால் கொஞ்சம் காது கொடுப்பார். ஜெட்டியில் அதுவும் கிடையாது.

எங்கள் சண்டை ஒரு கம்பியைப் பற்றியது. முன்பெல்லாம் குழாய் மாட்டுவதற்கு முன் கப்பலையும் கரையையும் தடித்த கம்பியால் இணைப்போம். இரும்பும் இரும்பும் கைகோத்துக்கொண்டால் பொறி எங்கிருந்து வரும்? இவர் வந்தார், கம்பியைத் தூக்கிக் கிடங்கில் போட்டார். கரைக் குழாய்க்கும் ரப்பர் குழாய்க்கும் நடுவே மின்சாரம் தாண்டாத ஒரு தட்டை வைத்து முடுக்கினார்.

“துருப்பிடிக்காம இருக்கக் கப்பல்ல ஒரு கரண்டு ஓடுது மாமா, கரையில வேறொண்ணு. ரெண்டையும் சேத்தா ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குப் பாயும். சேந்திருக்கிறவரைக்கும் தெரியாது. பிரியிறப்பதான் பொறி.”

“பாய்ஞ்சத நீங்க பாத்தீங்களா?”

“மீட்டர் பாத்துச்சு.”

இதற்குக் கொட்டாவி சிரித்தான். அவன் பம்ப் அறைக்காரன். பேச வாயைத் திறந்தால் பாதி நேரம் கொட்டாவிதான் வரும், அதனால் அந்தப் பேர்.

அன்று மதியம் பெட்ரோல் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று ஒரு பொட்டு இல்லை. நெடி எழுந்த இடத்திலேயே நின்றது, தொண்டையில் ஒட்டியது. கடல் வற்ற வற்றக் கப்பல் தாழ்ந்தது, ரப்பர் குழாயும் தொய்ந்தது. தொய்ந்ததில் குழாயின் நடுவிலிருந்த இரும்பு இணைப்பு ஜெட்டியின் இரும்பு விளிம்பில் போய்ச் சாய்ந்துகொண்டது. இணைப்பு லேசாகக் கசிந்து, கீழே வைத்திருந்த தட்டத்தில் பெட்ரோல் தேங்கியிருந்தது.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

“மாப்ள, இங்க வாங்க. உங்க தட்டைக் கேக்காமலே ரெண்டும் ராசியாயிடுச்சு.”

சிரித்துக்கொண்டே வந்தவர் விளிம்பைப் பார்த்ததும் சிரிப்பை விட்டார். பெட்ரோல் தேங்கிய தட்டத்தைப் பார்த்தார். கொட்டாவியிடம் திரும்பி, “கப்பல்ல பம்பை நிறுத்தச் சொல்லு. வால்வை மூடு,” என்றார். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

“இதுக்கா? நான் தூக்கி விட்டுடறேன்.”

“கை வைக்காதீங்க மாமா. தூக்கினா அங்கதான் பொறி. கீழ பெட்ரோல்.”

தொட்டிருந்தாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அப்போதுதான் துறைமுக வாயிலில் இழுவைப் படகு வருவதைப் பார்த்தேன். அதன் அலை வந்தால் கப்பல் எழும், குழாயும் எழும்.

மருமகன் தீயணைக்கும் நுரைக் குழாயை இழுத்துக்கொண்டு தட்டத்தின் பக்கத்தில் மண்டியிட்டுவிட்டார். முகம் பெட்ரோலுக்கு நேர் மேலே.

“தள்ளிப் போங்க மாமா.”

“நீங்க இங்க, நான் அங்கயா? வீட்டுல அவ கேட்டா நான் என்ன சொல்றது?”

பக்கத்தில் கிடந்த கயிற்றை எடுத்தேன். இணைப்பு அசைந்துவிடாமல் குழாயையும் விளிம்பையும் சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். மிச்சக் கயிற்றைத் தூணில் போட்டு, காலை உதைத்துப் பிடித்தேன். கொட்டாவி ஓடிவந்து என் பின்னால் தொங்கினான்.

படகு எங்களைக் கடந்து போனது. அதிலிருந்தவன் கையாட்டினான். அலை வந்தது. கப்பல் சோம்பல் முறிக்கிறமாதிரி எழுந்தது. கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு அரை விரல் நழுவி, நின்றது. இணைப்பு விளிம்பைவிட்டு அசையவில்லை. மருமகன் தலை நிமிரவில்லை. நுரை தட்டத்தை மூடி, விளிம்பை மூடி, இணைப்பையும் முழுக்க மூடியது.

“இப்ப மெல்ல விடுங்க. நுரைக்குள்ள பொறி வந்தாலும் பெட்ரோல் பத்தாது.”

விட்டோம். அடுத்த சின்ன அலையில் குழாய் எழுந்தது. நுரைக்குள் ‘டக்’ என்றது.

மருமகன் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

“கேட்டீங்களா மாமா?”

“இரும்பை இரும்பு தட்டினா சத்தம் வராதா?”

“நீலமா ஒண்ணு தெரிஞ்சுதே,” என்றான் கொட்டாவி. வாயைத் திறந்தவன் மூடவில்லை, கொட்டாவியும் வரவில்லை.

“நுரையில எல்லா நிறமுந்தான் தெரியும்.”

மருமகன் என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ரத்தம் கசிந்தது. “மருந்து போட்டுக்குங்க,” என்றார்.

கையை இழுத்துக்கொண்டு கரைப் பக்கம் நடந்தேன். பிடித்துக் கட்டியிருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. அவிழ்க்கச் சொன்னது அவர்தான்.