குறிஞ்சிப்பாடியில் ஒரு காஷ்மீர்

முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய சண்முகசுந்தரம் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டுவதற்குள் கதவு திறந்துகொண்டது. மேலெல்லாம் சுரங்கத் தூசியோடு வந்து நிற்கிற மனிதரிடம் முதலில் கை கால் கழுவச் சொல்வதுதான் இசக்கியம்மாளின் வழக்கம். அன்று அதை மறந்துவிட்டு ஒரு மடித்த தாளை நீட்டினாள்.

"முன்னறைங்க. நான் நல்லா யோசிச்சுட்டேன். முன்னறைதான்."

ராயப்பன் டூர்ஸ்காரர்கள் பிளாக் பிளாக்காகக் கொடுத்துவிட்டுப் போன விளம்பரத் தாள் அது. காஷ்மீர் ஏரியில் மிதக்கும் படகு வீடு. அதில் மூன்று வகை அறைகள். பின்னறை சமையல்கட்டை ஒட்டியது, வாடகை குறைவு. நடு அறைக்குச் சன்னல் உண்டு, ஆனால் எதிரே பக்கத்துப் படகின் பலகைதான் தெரியும். முன்னறையில் படுத்த இடத்திலிருந்தே ஏரியும் அதற்கப்பால் பனிமலையும் தெரியும். தாளின் அடியில், படிக்க வேண்டாம் என்பதற்காகவே அச்சடித்ததுபோல் பொடி எழுத்தில் இன்னும் நாலு வரி இருந்தது. வெந்நீர் தனி, கணப்புச் சட்டிக்குக் கரி தனி, கரைக்குப் போய்வரச் சின்னப் படகு தனி, கூடுதல் கம்பளி தனி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட இசக்கியம்மாள் அந்த நாலு வரியின் கீழும் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

"கம்பெனி ரெயில் சார்ஜ்தான குடுக்கும்? ரூம் நம்ம கைக்காசு இசக்கி."

"தெரியும். வெந்நி, கரி, படகு எல்லாம் சேத்துப் பாத்துட்டேன். ஜாக்கெட் தச்ச காசு எங்கிட்ட இருக்கு. நீங்க பின்னறை போதும்னு மட்டும் சொல்லிடாதீங்க."

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். லீவு கிடைத்த போதெல்லாம் ஊரில் யாருக்காவது கல்யாணம், யாருக்காவது காதுகுத்து. போன வருஷம் மகளையும் கட்டிக் கொடுத்தாயிற்று. எப்போதோ ஓர் இன்ஜினியர் வீட்டுக்குத் தைத்த துணியைக் கொடுக்கப் போனபோது, அந்த அம்மாள் ஃபிரிஜ்ஜைத் திறந்து உள்ளே படிந்திருந்த பனியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாளாம். ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தாள் இசக்கியம்மாள். ஒரு மலை முழுக்க அப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அவள் புருஷனிடம் கேட்டது இருபத்திரண்டு வருஷத்தில் அது ஒன்றுதான்.

ஆறு மாதமாக அவளுக்குக் குடத்தை இறக்கி வைத்தால் மூச்சு வாங்கும். கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து உட்காருவாள். வாயு என்று சொல்லி இஞ்சிச் சாறு குடிப்பாள். அவரும் வாயு என்றே நம்பினார். நம்புவது சௌகரியமாக இருந்தது.

சண்முகசுந்தரம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் நாலு வசவோடு இந்தக் கதையை முடித்துவிடலாம். நாலு வருஷத்துக்கு ஒருமுறை இந்தியாவில் எங்கே போய்வந்தாலும் குடும்பத்துக்கு ரெயில் கட்டணம் தருகிற எல்.டி.சி. சலுகை அவருக்கு இருந்தது. கம்பெனியில் முன்பணம் வாங்கிக்கொண்டு டிக்கெட் எடுக்கத்தான் ராயப்பனின் கடைக்குப் போனார். கூடவே வந்தான் தனகோட்டி. அவரோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவன், பக்கத்து வடக்குத்து கிராமத்துக்காரன்.

ராயப்பன் டிக்கெட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

"அண்ணே, போய்ட்டு வந்தா என்னா இருக்கும்? நாலு போட்டா இருக்கும். போவாம இருந்தா கையில பணம் இருக்கும். ரெயில் ரசீது, போய்த் தங்கினதுக்குச் சாட்சியா போட் ஹவுஸ் பில்லு எல்லாம் நம்மகிட்ட ரெடி. நீங்க பதினஞ்சு நாளு யாரு கண்ணுலயும் படாம இருந்தா போதும்."

"எங்க ஷிப்டுல பாதிப் பேரு அப்படித்தாண்ணே," என்றான் தனகோட்டி. "எங்கூருல ஒரு மனை வருது. இந்தப் பணத்த முன்பணமா குடுத்தா முடிச்சிக்கலாம். ரிட்டயர்டு ஆனா குவார்ட்டர்ஸ காலி பண்ணச் சொல்லுவான். அப்ப எங்க போய்க் குந்துவீங்க?"

சண்முகசுந்தரம் ராயப்பனிடம் சரி என்றார். எல்லோரும் செய்கிற தப்பு தப்பாகத் தெரிவதில்லை என்பதுதான் இதில் உள்ள வினை. அன்று சாயங்காலம் இசக்கியம்மாளிடம் மனையைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னார், கிழக்கு பார்த்தது, கிணறு ஊறும் என்றெல்லாம். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப நாம போகலியா?"

"அடுத்த தடவை கண்டிப்பா. நாலே வருசம்."

அவள் விளம்பரத் தாளை நாலாக மடித்துத் தையல் மெஷின் இழுப்பறைக்குள் வைத்தாள். அவள் அழுதிருந்தால் அவர் மனம் மாறியிருக்கும். அவளுக்கு அழுது சாதித்துப் பழக்கமில்லை.

சொந்த ஊருக்குப் போய் ஒளிய முடியாது. அந்தப் பக்கத்து ஆட்கள் சுரங்கத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள், விஷயம் இவர்களுக்கு முன்னால் நெய்வேலி வந்து சேர்ந்துவிடும். ராயப்பனே குறிஞ்சிப்பாடியில், நெசவுக்காரத் தெரு ஒன்றில், தனபாக்கியம் என்கிற விதவையின் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை பேசிவிட்டான். அக்கம்பக்கத்தாரிடம் காஷ்மீர் என்று சொல்லி, கம்பளிச் சட்டைகூட இரவல் வாங்கிக்கொண்டு, எண்பத்திரண்டாம் வருஷம் மே மாதம் ஒரு விடியற்காலையில் இருவரும் பஸ் ஏறினார்கள். பஸ் அரை மணி நேரத்தில் காஷ்மீரில் இறக்கிவிட்டது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்து தறிச் சத்தம். தனபாக்கியம் வாசலில் நின்றபடியே விவரம் சொன்னாள்.

"தண்ணி கொடத்துக்குத் தனிக் காசுங்க. பல்பு போட்டா தனி. கயித்துக் கட்டிலு வேணும்னா அதுக்கும் தனி. எல்லாரும் அப்படித்தான் குடுக்கறாங்க. போன மாசம் டார்ஜிலிங் போனவங்க இங்கதான் தங்கிக்கினு இருந்தாங்க."

இசக்கியம்மாள் சிரித்தாள். "அங்க மாதிரியே இங்கயும் எல்லாம் தனித்தனியாத்தான் இருக்குது. கரி மட்டும் வேணாம், இல்லையா?" என்றாள். சண்முகசுந்தரமும் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து அவர் வாழ்நாள் முழுக்க வெட்கப்பட வேண்டியிருந்தது.

வெயில் கூரை வழியாக இறங்கியது. பகலில் வெளியே தலைகாட்டக் கூடாது. நெய்வேலி பஸ் அந்தத் தெருமுனை வழியாகத்தான் போகும். ஒன்பதாம் நாள் அவள் பாதம் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே இருந்தாள். தெருக்கோடி டாக்டர் ஓர் ஊசி போட்டுவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

பெரிய ஆஸ்பத்திரி நெய்வேலியில், அரை மணி நேரத் தூரத்தில் இருந்தது. கம்பெனி ஆஸ்பத்திரி. ஒரு பைசா செலவில்லை, மெடிக்கல் புத்தகத்தை நீட்டினால் போதும். ஆனால் அந்தப் புத்தகத்துக்குரிய சண்முகசுந்தரமும் அவர் மனைவியும் காஷ்மீரில் அல்லவா இருக்கிறார்கள்? லீவு விண்ணப்பம் அப்படித்தான் சொல்கிறது. சீட்டு எழுதுகிற இடத்தில் இருப்பவன் அவரோடு கபடி ஆடியவன். இன்னும் ஆறே நாள். அதுவரை தாங்காதா என்று அவர் மனசுக்குள் தேதிகளைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா இசக்கி?" என்று கேட்கவும் செய்தார். கேட்ட விதத்திலேயே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"வேணாங்க. வேலைக்கு ஏதாவது ஆயிடும். ஊசி போட்டிருக்குல்ல, கேட்ரும்."

இரண்டு நாள். அந்த இரண்டு நாளை அவரிடமிருந்து யார் வாங்கிக்கொள்வார்கள்? பதினோராம் நாள் மத்தியானம் தண்ணீர்க் குடத்தோடு வந்த தனபாக்கியம் இசக்கியம்மாளின் உதடு நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்தாள். குடத்தைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னாங்க பாத்துக்கினு குந்தியிருக்கீங்க? பொம்பள செத்துக்கினு இருக்குது. பணம் போச்சுன்னா மண்ணா போவட்டும். எழுந்திருங்க."

அவளே ஓடிப்போய் வாடகைக் கார் பிடித்து வந்தாள். அன்றைய குடத்துக்கு அவள் காசு கேட்கவில்லை. காரில் இசக்கியம்மாள் புருஷனின் தோளில் சாய்ந்திருந்தாள். வெளியே முந்திரித் தோப்புகள் ஓடின.

"சன்னல் பக்கம் உக்கார வச்சிருக்கீங்க," என்றாள். "முன்னறை மாதிரி."

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவன் நிமிர்ந்து பார்த்தான். "என்னண்ணே, நீங்க காஷ்மீர்ல இல்ல இருந்தீங்க?"

"இல்லப்பா. குறிஞ்சிப்பாடியில இருந்தோம். எழுதிக்க," என்றார் சண்முகசுந்தரம். இத்தனை சுலபமாக வாயில் வந்த அந்த வார்த்தை இரண்டு நாள் முன்னால் வந்திருக்கலாம்.

இருதயத்தில் வால்வு கோளாறு, நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார் டாக்டர். முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "ரெண்டு நாள் முன்னாடி கொண்டாந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு ஏன் சார் கொண்டுவரல?"

மறுநாள் முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதிய நேரத்தில் இசக்கியம்மாள் போய்விட்டாள். மகள் வந்து சேர்ந்தபோது, அம்மாவின் பெட்டிக்குள் அந்த மே மாதத்தில் எதற்குக் கம்பளிச் சட்டை என்று கேட்டு அழுதாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுதினம் ராயப்பன் வந்தான். துக்கம் விசாரித்தான். அவனுக்கும் உண்மையிலேயே வருத்தம்தான். ஆனாலும் எழுந்து போகுமுன் சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தான்.

"முன்பணத்துக்குக் கணக்குக் குடுக்கக் கெடு இருக்குதுண்ணே. எல்லாம் சரியா போட்டிருக்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணி ஆசைப்பட்டாங்கன்னு சொன்னீங்களே, முன்னறைன்னே போட்டுட்டேன்."

படகு வீட்டு பில் அழகான நீல மையில் இருந்தது. முன்னறை, இரண்டு பேர், பத்து நாள். வெந்நீர். கணப்புக்குக் கரி. கரைக்குப் போய்வரப் படகு. கூடுதல் கம்பளி. எதையும் ராயப்பன் விட்டுவிடவில்லை. சண்முகசுந்தரம் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படித்தார். பிறகு தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்து, பென்சில் கோடு போட்ட விளம்பரத் தாளை எடுத்து பில்லோடு சேர்த்து வைத்துக்கொண்டு விம்மி அழுதார்.

அன்றே ஆபீசுக்குப் போனார். அதிகாரி ஜெயராமன் முன்னால் பில்லை வைத்து, இது பொய் சார், நாங்கள் போகவில்லை என்றார். மனைக்காரனிடம் கொடுத்திருந்த கம்பெனிப் பணத்தையும் திரும்ப வாங்கிக் கட்டினார். விதிப்படி இன்க்ரிமென்ட் நின்றது. சண்முகசுந்தரம் அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் தனகோட்டி காத்திருந்தான். அடுத்த மாதம் அவன் முறை. காகிதத்தில் மட்டும் சிம்லா. ராயப்பன் எல்லாம் பேசி முடித்துவிட்டான். இவரைப் பார்த்ததும் தனகோட்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"நான்தான் சொன்னேன் அண்ணே. எம்மேலதான் தப்பு."

"நீ சொன்ன, நான் செஞ்சேன். உன் மேல போட்டு நான் தப்பிக்க முடியாது." அவன் பக்கத்தில் உட்கார்ந்தார் சண்முகசுந்தரம். "தனகோட்டி, அந்தப் பில்லுல வெந்நி, கரி, கம்பளி எல்லாச் செலவும் இருந்திச்சு. ஒரு செலவு மட்டும் இல்ல. பொய் சொல்லிட்டா அதுக்குள்ளயே குடியிருக்கணும்டா. உயிர் போற நேரத்துலகூட அதவிட்டு வெளிய வர முடியல. அந்த வாடகைய என் பொண்டாட்டி குடுத்துட்டா. எல்லாரும் செய்றாங்கன்னு தப்பச் செய்யாத. எல்லாரும் சேந்து செய்வாங்க, அனுபவிக்கிறப்ப நீ ஒத்தையாத்தான் நிப்ப."

கம்பெனி பஸ் வந்து நின்றது. தனகோட்டி ஏறவில்லை. ராயப்பனிடம் வாங்கியிருந்த சிம்லா விளம்பரத் தாளைப் பையிலிருந்து எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அதக் கிழிக்காத," என்றார் சண்முகசுந்தரம். "வூட்டுக்குக் கொண்டுபோ. எந்த ரூமு வேணும்னு உன் பொண்டாட்டி ருக்குமணியைக் கேளு. ஆகிற செலவு ஆகட்டும், கூட்டிக்கிட்டுப் போ."